ஒரு சொட்டுக் காலை

டிசம்பரில் ஆஸ்யா நடப்பதை நிறுத்தினாள்.

கோடையில் நடந்தவள். ஏரிக்கரையில் வாத்துகளைத் துரத்தியவள். நவம்பரில் நாலடி வைத்துவிட்டு உட்கார ஆரம்பித்தாள். டிசம்பரில் தரையில் இறக்கிவிட்டால் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். "தூக்கு," என்றாள். இரண்டு வயது இன்னும் ஆகவில்லை. தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான்.

இருட்டுக்காலம் அப்படித்தான் என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். ரஷ்யாவின் வடகோடியான மூர்மன்ஸ்கில் அந்த மாதம் பெரியவர்களே குறைவாகத்தான் நடப்பார்கள். சூரியன் மலைக்குக் கீழேயே இருந்துவிடும். நண்பகலில் தெற்கே ஒரு நீலம் வரும். கொஞ்ச நேரம் நிற்கும். போய்விடும். தெருவிளக்குகளை யாரும் அணைப்பதில்லை. விரிகுடா மட்டும் உறையாமல் புகைந்துகொண்டிருக்கும். படகுகள் அந்தப் புகைக்குள் போய், வேறெங்கோ வெளியே வரும்.

ஆஸ்யாவின் அம்மா இங்கா டிராலி பஸ் ஓட்டினாள். முதல் வண்டி அவளுடையது. கண்ணாடிகள் உட்புறமாக உறைந்திருக்கும். பயணிகள் விரல் நுனியை அழுத்தி ஒரு சிறிய வட்டம் உருக்கி, அதன் வழியே இறங்குமிடம் பார்ப்பார்கள். சிலர் வட்டம் உருக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், இறங்க மறந்து. மேலே மின்கம்பியில் பொறி பறக்கும்போது வண்டிக்குள் எல்லா முகங்களும் ஒரு கணம் பச்சையாகும். பிறகு மறுபடி தூக்கம்.

அந்த டிசம்பரில் இங்கா கால்களைப் பார்த்தாள். வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு குழந்தையின் கால்களையும். தடித்த பனி உடைக்குள் கால் தெரியாது. இருந்தும் பார்த்தாள். படி ஏறுகிறதா, தூக்கி ஏற்றுகிறார்களா என்று.

ஒரு நாள் கனவு கண்டாள். ஆஸ்யா பனியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கால்கள் பனியாலேயே ஆனவை. இங்கா அவளை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகவும் பயந்தாள், அங்கேயே விடவும் பயந்தாள். நடுவில் நின்றாள். விழித்தபோது ஆஸ்யாவின் தலையணை ஈரமாயிருந்தது. பின்னந்தலை வியர்த்திருந்தது. ஜன்னல் ஓரத்தில் குளிர் உட்கார்ந்திருந்த அறையில், குழந்தைக்கு மட்டும் வியர்த்தது.

அன்றே டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் எம்மா கென்ரிகோவ்னா முதலில் தன் கைகளை அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயின் மேல் வைத்துச் சூடாக்கினார். பிறகு ஆஸ்யாவின் மணிக்கட்டைப் பிடித்தார். விலா எலும்புகளின் மேல் விரலை ஓட்டினார். முழங்காலை மடக்கி நீட்டினார். ஆஸ்யா முகம் சுளித்தாள். அழவில்லை.

"வைட்டமின் டி சொட்டு யாரு போடறது?" என்றார்.

"தினமும் காலையில போடறோம்," என்றாள் இங்கா.

"யாருன்னு கேட்டேன்."

"இவர்தான். தெம்யான்."

ஆஸ்யாவின் அப்பா சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. இரவு முழுக்கக் கப்பல் இழுத்துவிட்டு நேராக வந்திருந்தான். நின்றபடியே பாதி தூங்கிக்கொண்டிருந்தவன் கண்ணைத் திறந்தான்.

"நானா? நீதானே போடறே."

"நான் எப்படிப் போட முடியும்? நான் கிளம்பறப்போ அவ தூங்கிட்டிருப்பா."

"நான் வர்றப்போவும்தான் தூங்கிட்டிருக்கா."

"அப்போ ரிம்மா அக்கா போட்டிருப்பாங்க," என்றாள் இங்கா.

"ஆமா. ரிம்மா அக்கா," என்றான் தெம்யான்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆஸ்யாவின் காலுறையை மாட்டிவிட்டார். "ரத்தம் குடுத்துட்டுப் போங்க. வீட்டுக்குப் போய் அந்த பாட்டிலைப் பாருங்க. பாத்துட்டு எனக்கு போன் பண்ணுங்க. சண்டை போட்டு முடிச்சிட்டு இல்ல, முன்னாடியே."

பாட்டில் அடுப்படி அலமாரியில் இருந்தது. கட்டைவிரல் உயரம். கரும்பழுப்புக் கண்ணாடி. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. இங்கா அதைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். பிறகு மூடியைப் பார்த்தாள்.

மூடியின் கீழே இருக்கும் மெல்லிய வளையம் உடையவில்லை.

எதிர் வீட்டு ரிம்மா வாசலில் நின்றாள். முன்பு மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். இப்போது வீட்டோடு இருக்கிறாள். இங்கா கிளம்பி, தெம்யான் வரும்வரை ஆஸ்யாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். கையில் கரண்டியோடு வந்திருந்தாள். தன் வீட்டு அடுப்பில் எதையோ விட்டுவிட்டு வந்த அவசரம் முகத்தில் இருந்தது.

"நீங்க போடலையா அக்கா?" என்றாள் இங்கா.

"நானா? அடுத்தவங்க குழந்தை வாயில நான் மருந்து ஊத்துவேனா? நீ சொன்னியா?"

"காலையில ஒரு சொட்டுன்னு சொன்னேனே. வேலைக்குத் திரும்பின அன்னிக்கு."

"காலையிலன்னு சொன்னே. என்கிட்ட சொன்னியா, இவன்கிட்ட சொன்னியா? ரெண்டு பேரும் நின்னுட்டிருந்தோம். நீ சுவத்தைப் பாத்துச் சொன்னே."

அது உண்மை. அக்டோபரில் அது. அதுவரை இங்கா வீட்டில் இருந்தாள். சொட்டு போடுவது அவள் வேலை. அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. புதுப் பாட்டிலை தெம்யான் வாங்கி வந்தான். அதை அலமாரியில் வைத்துவிட்டு இங்கா சொன்னாள். காலையில் ஒரு சொட்டு. எல்லோரும் தலையாட்டினார்கள்.

"நீ எந்திரிச்சா காலைதானே?" என்றான் தெம்யான். "நீ குளிச்சு, காபி குடிச்சுட்டுக் கிளம்பறே. அது காலை இல்லாம என்ன?"

"நாலு மணிக்கு முன்னாடி காலையா? அது ராத்திரி. வெளிய நாய்கூட இருக்காது. நீ வர்றியே, அதுதான் காலை."

"நான் வர்றப்போ எனக்குச் சாயங்காலம். சூப் குடிச்சுட்டுப் படுக்கறேன். சூப் குடிக்கற நேரம் காலையா?"

"எங்க வீட்டுல காலைன்னா பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போற நேரம்," என்றாள் ரிம்மா. "ஆனா அப்போ நான் உங்க வீட்டுல இருக்கேன். இங்க பாத்தா திரை இழுத்திருக்கு, குழந்தை தூங்குது. உங்க வீட்டுல ராத்திரி. நான் என்ன கண்டேன்?"

மூவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். யார் சொல்வது சரி என்று அது சொல்லும் என்பதுபோல. ஜன்னலில் தெருவிளக்கு இருந்தது. அதன் கீழே பனி விழுந்துகொண்டிருந்தது. எந்த நேரமாகவும் இருக்கலாம்.

"ஆனா பாட்டில் இடம் மாறிட்டே இருந்துதே," என்றாள் இங்கா மெதுவாக. "ஒருநாள் உப்புக்குப் பக்கத்துல. ஒருநாள் ஓரத்துல. யாரோ எடுத்துப் போட்டுட்டு வெக்கறாங்கன்னுதானே நினைச்சேன்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றான் தெம்யான். "டீத்தூள் எடுக்கறப்போ நகத்தி வெப்பேன்."

ரிம்மா கரண்டியைக் கீழே இறக்கினாள். "நான் அலமாரி தொடைப்பேன்," என்றாள்.

குளிர்காலம் முழுக்க மூன்று பேர் அந்தப் பாட்டிலை நகர்த்தியிருந்தார்கள். ஒருவரும் திறக்கவில்லை.

அடுத்த அறையிலிருந்து ஆஸ்யா கூப்பிட்டாள். மூவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கதவில் முட்டிக்கொண்டார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள் வந்தது. டாக்டர் தானே போன் செய்தார்.

"வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கு. எலும்பு இன்னும் வளையல. வளையறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க. தசைக்கு பலம் இல்ல. கால்ல வலியும் இருக்கும். அவளுக்கு வலின்னு சொல்லத் தெரியாது. அதான் தூக்கச் சொல்றா."

இங்கா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கு. தினமும் எத்தனை முறை. சோம்பேறி என்று செல்லமாகத் திட்டியிருந்தாள். தூக்காமல் விட்டும் பார்த்திருந்தாள், பழகட்டும் என்று.

"நடப்பாளா டாக்டர்?"

"நடக்கணும். சில வாரம் ஆகும். அளவைக் கூட்டி எழுதியிருக்கேன். எழுதினது எவ்வளவோ அவ்வளவுதான். ஒரு சொட்டு ஜாஸ்தியும் வேண்டாம், ஒரு சொட்டு குறையவும் வேண்டாம். மாசக் கடைசியில மறுபடி ரத்தம் பாக்கணும். கேக்குதா?"

"கேக்குது."

"வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லுங்க. ஆம்பளைங்க தாராளமா இருப்பாங்க."

அவர் சொன்னது சரி. இங்கா போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தபோது, தெம்யான் மேஜையில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஆஸ்யா. வலது கையில் பாட்டில், தலைகீழாக. இடது கையில் தேக்கரண்டி. சொட்டு ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. தேக்கரண்டி பாதி நிறைந்திருந்தது. சொட்டின் சோம்பு வாசனை அறை முழுக்க.

"என்ன பண்றே?"

"அக்டோபர் விட்டுப்போச்சு," என்றான். கண்கள் சிவந்திருந்தன. "நவம்பர் விட்டுப்போச்சு. அதைப் போடறேன்."

"தெம்யான்."

"கப்பல் பின்தங்கினா இழுத்துச் சேர்க்கறதில்லையா? விட்டதைக் கொடுக்க வேண்டாமா?"

ஆஸ்யா வாயைத் திறந்து காத்திருந்தாள். வாசனை அவளுக்குப் பிடித்திருந்தது.

இங்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவனுடையது கயிறு இழுத்துத் தடித்த கை. கொஞ்சம் மேஜையில் சிந்தியது. அவள் அந்தக் கையைத் மெல்ல மெல்லத் தட்டு கழுவும் இடம்வரை நகர்த்தினாள். தேக்கரண்டியைக் கவிழ்த்தாள்.

"அவ கப்பல் இல்ல," என்றாள். "ஒரேயடியா கொடுத்தா சிறுநீரகம் கெட்டுப்போகும். விட்டது விட்டதுதான்."

"அப்போ அந்த மாசமெல்லாம்?"

"போச்சு. இனிமே உள்ளதைப் பாரு."

ஆஸ்யா அழுதாள். தேக்கரண்டிக்காக. தெம்யானும் சத்தமில்லாமல் முகத்தைத் துடைத்தான். இங்கா டாக்டர் எழுதிய அளவைச் சொட்டு சொட்டாக ஒரு வாய் கஞ்சியில் விட்டாள். ஆஸ்யா விழுங்கினாள். அடுத்த வாய் கேட்டாள்.

அதற்குப் பிறகு எல்லோரும் ஜாக்கிரதையானார்கள். அதுதான் வினையானது.

சில நாள் கழித்து இங்கா வேலையிலிருந்து வந்தாள். பொழுது நீலமாக இருந்தது. படிக்கட்டில் யாரோ மீன் பொரித்த வாசனை. ஆஸ்யாவைத் தூக்கி முத்தமிட்டாள். சோம்பு. நல்லது என்று நினைத்தாள். ரிம்மா வாசலில் தலை நீட்டினாள்.

"போட்டுட்டேன்," என்றாள் பெருமையாக. "எழுதின அளவு. எண்ணி."

உள்ளேயிருந்து தெம்யானின் தூக்கக் குரல் வந்தது. "நானும் போட்டுட்டேன். வந்தவுடனே."

இங்கா அப்படியே நின்றாள். விடியுமுன்பு, கிளம்புவதற்கு முன்னால், தூங்குகிற குழந்தையின் உதட்டை விரலால் விலக்கி அவளும் போட்டிருந்தாள்.

டாக்டருக்கு போன் போட்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தொப்பியிலிருந்து பனி உருகி மூக்கில் வழிந்தது.

நடந்ததைச் சொன்னாள்.

"மூணு பேருமா?" என்றார் டாக்டர்.

"மூணு பேரும்."

"இன்னிக்கு ஒரு நாள்தானே?"

"இன்னிக்குத்தான். நேத்து வரைக்கும் எனக்கு லீவு, நான்தான் போட்டேன்."

"ஒரு நாள்னா ஒண்ணும் ஆகாது. நாளைக்கும் நாளன்னைக்கும் கொடுக்காதீங்க. வாந்தி எடுத்தா, சாப்பிடலைன்னா, ரொம்பத் தண்ணி கேட்டா உடனே கூட்டிட்டு வாங்க." பெருமூச்சு கேட்டது. "இந்த ஊருல முப்பது வருஷமா இருக்கேன். போடாதவங்களைப் பாத்திருக்கேன். போட்டி போட்டுப் போடறவங்களை இப்போதான் பாக்கறேன்."

அன்று மாலை, அல்லது காலை, மூவரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். தேநீர் இருந்தது. ரிம்மா கொண்டுவந்த முட்டைக்கோஸ் பன் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஆஸ்யா மேஜைக்கு அடியில் உட்கார்ந்து தெம்யானின் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர் மட்டும் போடணும்," என்றாள் ரிம்மா. "யாருன்னு சொல்லிடு. நான்னா நான்."

"உங்க பையனுக்கு ஜுரம் வந்தா நீங்க வரமாட்டீங்க," என்றான் தெம்யான். "எனக்குப் புயல் வந்தா டூட்டி நீளும். இவ ஒருத்திதான். இவளுக்கும் ஷிஃப்ட் மாறும்."

"அப்போ காலைன்னா எதுன்னு முடிவு பண்ணு."

"அதைத்தானே அன்னிக்குப் பண்ண முடியல."

இங்கா மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஆஸ்யா காலுறையைத் தன் கையில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ தூங்கி எந்திரிச்சா காலை," என்றாள் இங்கா.

"ஒரு நாளைக்கு மூணு தடவை எந்திரிக்கறா," என்றான் தெம்யான். "மத்தியானம் ஒரு தூக்கம். வண்டில போனா ஒரு தூக்கம்."

"ரவைக் கஞ்சி எத்தனை தடவை சாப்பிடறா?"

ரிம்மா யோசித்தாள். "ஒரு தடவை. ரெண்டாவது தடவை கொடுத்தா துப்புவா."

"அப்போ அதுதான். கஞ்சி சாப்பிட்டா காலை. யார் கஞ்சி ஊட்டறாங்களோ அவங்க சொட்டு போடறாங்க. அதே கிண்ணத்துல. கஞ்சி ஊட்டாதவங்க பாட்டிலைத் தொடக்கூடாது. தொடைக்கறதுக்கும் தொடக்கூடாது அக்கா."

"தூசி சேரும்."

"சேரட்டும்."

"அப்போ இந்த வீட்டுல எப்போ விடியணும்னு இவதான் முடிவு பண்ணுவா," என்றான் தெம்யான்.

"வேற யாரு பண்றது? நீயா?"

ரிம்மா சிரித்தாள். பிறகு பன்னை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள்.

அந்த வீட்டில் அதன்பிறகு காலை ஒரு நேரத்தில் வரவில்லை. சில நாள் ரிம்மாவின் கையில் வந்தது. சில நாள் தெம்யான் சூப்பைத் தள்ளிவைத்துவிட்டுக் கஞ்சி கிண்டும்போது வந்தது. கப்பல் புகை வாசனையோடு. ஒரு நாள் ஆஸ்யா பிற்பகல்வரை தூங்கினாள். இங்கா வேலை முடிந்து வந்து, கிண்ணம் காலியாகக் காய்ந்திருப்பதைப் பார்த்து, பால் சுடவைத்தாள். வெளியே வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே விடிந்தது.

ஆனால் ஆஸ்யா நடக்கவில்லை.

நின்றாள். நாற்காலியைப் பிடித்து நின்றாள். புத்தாண்டு மரத்தின் விளக்குகளைத் தொட ஒருமுறை கையை விட்டாள். நின்றபடி ஆடினாள். உட்கார்ந்துவிட்டாள். இரவில் தலையணை நனைவது குறைந்தது. முழங்காலை நீட்டினால் முகம் சுளிக்கவில்லை. டாக்டர் நன்றாக இருக்கிறது என்றார். ரத்தமும் நன்றாக இருக்கிறது என்றார். "வலி போயிடுச்சு. ஆனா வலிச்சது ஞாபகம் இருக்கும். அவளுக்கா தோணணும். நிக்க வெச்சு இழுக்காதீங்க."

இங்கா இழுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் தூக்கினாள். வண்டி ஓட்டும்போது கைகளில் அந்தக் கனம் இருந்தது. குழந்தை வீட்டில் இருந்தாலும் கனம் கைகளில் இருந்தது. ஸ்டீயரிங் அதைத் தாங்கியது. கம்பியில் பொறி பறந்து, முகங்கள் பச்சையாகி, மறுபடி இருண்டன. இப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு குரல் கேட்டது. அவள் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சத்தமாகச் சொன்னாள்.

ஜனவரி கடைசி ஞாயிறு ஊர் மலை ஏறியது. திரும்பி வரும் சூரியனைப் பார்க்க. ஒவ்வொரு வருடமும் போவார்கள். அப்பம் சுடுவார்கள், பாடுவார்கள், குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெற்கே பார்த்து நிற்பார்கள். ரிம்மா பிள்ளைகளோடு கிளம்பிக் கதவைத் தட்டினாள்.

"வரலையா?"

"மேகம் போட்டிருக்கு," என்றான் தெம்யான்.

"மேகத்துக்குப் பின்னாடி இருக்கும்ல?"

"இருக்கட்டும் அக்கா. ரெண்டு பேரும் தூங்கவே இல்ல."

கதவு மூடியது. படிக்கட்டில் பிள்ளைகளின் சத்தம் இறங்கிப் போனது. மூவரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். ஆஸ்யா நடுவில். கஞ்சி முடிந்திருந்தது. திரைக்குப் பின்னால் வெளிச்சம் பால் கலந்த தேநீர்போல இருந்தது.

இங்கா கனவில் வண்டி ஓட்டினாள். பயணிகள் இல்லை. கண்ணாடி முழுக்க உறைந்திருந்தது. எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. வண்டி தானாகவே போனது. பின்னால் யாரோ இருக்கைகளுக்கு நடுவே நடந்தார்கள். செருப்பில்லாத கால். தப். தப். நின்றது. தப். திரும்பிப் பார்க்க வேண்டும். ஆனால் கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. உட்காருங்க, வண்டி ஓடுதுல்ல என்று சொல்ல வாய் திறந்தாள்.

யாரோ அவள் கையை இறுக்கினார்கள். கயிறு பிடித்துத் தடித்த கை.

இடையில் ஆஸ்யா இல்லை. அந்த இடம் சூடாக இருந்தது.

"கண்ணத் திறக்காத," என்றான் தெம்யான் காதில். "அசையாத."

"எங்க?"

"கேளு."

தப். தப். தப். தரை விரிப்பில் வந்த சத்தம் பலகையில் வேறுமாதிரி ஆனது. அறையைத் தாண்டிவிட்டது. தொப்பென்று ஒரு சத்தம். இங்காவின் உடம்பு எழுந்தது. தெம்யான் அவளைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்தான். அவனுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்டது.

அழுகை வரவில்லை. ஏதோ முணுமுணுப்பு. கை தரையில் ஊன்றும் ஓசை. பிறகு மறுபடி தப்.

"வாசல் நடைக்குப் போயிட்டா," என்றாள் இங்கா.

"ம்."

வாசல் நடையில் ஏதோ கவிழ்ந்தது. பிறகு இழுபடும் சத்தம். கனமான எதுவோ. கொஞ்சம் இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து. அது அவர்களை நோக்கி வரவில்லை. வேறெங்கோ போனது.

"அது என் பூட்ஸ்," என்றான் தெம்யான். "இரும்பு முனை வெச்சது."

"பேசாம இரு," என்றாள் இங்கா. "இழுக்கட்டும்."